காலையில் போய் இரவுக்குள் திரும்ப: சென்னையிலிருந்து ஒருநாள் பயணம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையைச் சுற்றி 50 முதல் 160 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களுக்கு விடியற்காலையில் கிளம்பி, லாட்ஜ் எடுக்காமல், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மாமல்லபுரம், காஞ்சிபுரம், வேடந்தாங்கல், பழவேற்காடு, செஞ்சி ஆகிய ஐந்து ஊர்களை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் ஒன்று. சொந்தக் காரில் போனால் இரண்டு. மூன்று ஊர் என்று திட்டம் போட்டால் மூன்றாவது ஊரை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

கணக்கைத் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இரவு 9 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். அந்த ஊரிலிருந்து வர 2 மணி நேரம். ஞாயிறு மாலை நெரிசலுக்காக இன்னும் 45 நிமிடம். பஸ்ஸுக்காகக் காத்திருக்க அரை மணி. ஆக, மாலை 5.45-க்கு ஊரை விட்டுக் கிளம்பும் மனநிலைக்கு வந்துவிட வேண்டும். காலை 6 மணிக்கு வீட்டை விட்டவர் 8.30-க்கு அங்கே இறங்கியிருப்பார். கையில் இருப்பது ஒன்பது மணி நேரம். கோயில் ஊராக இருந்தால் அதில் மதியம் மூன்றரை, நான்கு மணி நேரம் நடை சாத்தல். மிச்சம் ஐந்து மணி நேரம்தான்.

திட்டம் சொதப்புவது பெரும்பாலும் தூரத்தால் அல்ல, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புவதால்தான். 6 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் தாண்டும் சாலையை 8 மணிக்குக் கிளம்பினால் தாண்ட இரண்டரை மணி நேரம்கூட ஆகும். அதோடு, கோயிலுக்குள் நுழையும்போது நடை சாத்தும் மணியும் அடித்துவிடும்.

மாமல்லபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் சேர்த்துப் பார்க்க முடியாதா? சுற்றுலா பஸ்ஸில் கூட்டிப்போகிறார்களே?

கூட்டிப்போகிறார்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஒருநாள் சுற்றுலாவிலும் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். காலையில் காஞ்சியில் ஓரிரு கோயில், மதியத்துக்கு மேல் மாமல்லபுரம் என்ற அந்த வரிசை சரியானது. கோயில் மதியம் சாத்தப்படும். மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு நடை சாத்தல் கிடையாது, காலை 6 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். காரில் போகிறவர்களும் இதே வரிசையில் போகலாம்.

பஸ் மாறிப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. இரண்டு ஊருக்கும் இடையே 65 கிலோமீட்டருக்குக் குறையாது, செங்கல்பட்டு வழியாகப் போக வேண்டும். காத்திருப்போடு சேர்த்தால் நாளின் நடுப்பகுதி முழுக்க பஸ்ஸிலேயே கழிந்துவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் எந்த வரிசையில் போனால் நடை சாத்துவதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம்?

பெரும்பாலான கோயில்கள் மதியம் 12 மணியை ஒட்டிச் சாத்தி, 4 மணிக்குத் திறக்கின்றன. கோயிலுக்குக் கோயில் அரை மணி முன்பின் இருக்கும். விசேஷ நாட்களில் மாறும்.

முதலில் கைலாசநாதர் கோயில். ஊரின் மேற்கு ஓரத்தில், மற்றவற்றிலிருந்து விலகி இருப்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் பெரும்பாலும் பார்க்காமலே திரும்புகிறார்கள். இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லில் எடுப்பித்தது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் சுவரில் வரிசையாக நிற்கும் சிம்மத் தூண்களின் செதுக்கல் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் சிறு சிறு சன்னதிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குள் குனிந்து பார்த்தால் பழைய சுண்ணப் பூச்சும் அதன் மேல் ஓவியத்தின் சிவப்பு, மஞ்சள் மிச்சங்களும் தெரியும். தொடாதீர்கள், விரல் பட்டாலே உதிரும் நிலையில் இருக்கின்றன.

அடுத்து ஏகாம்பரநாதர். தெற்கு ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தது, 1509-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிறகு காமாட்சியம்மன், வெள்ளிக்கிழமை என்றால் இந்த ஒரு கோயிலுக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காமாட்சியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் உலகளந்த பெருமாள். நேரம் இருந்தால் ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில். அங்கே திருச்சுற்று மண்டபத்துச் சுவர் முழுக்க பல்லவர் வரலாற்றைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள். கையில் ஒரு டார்ச் இருந்தால் நல்லது.

12.30 முதல் 4 வரை சாப்பாடு, பட்டுக்கடை, கொஞ்சம் ஓய்வு. 4 மணிக்கு சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் கோத்த சங்கிலி, தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி, கிடைத்தால் மந்தாரை இலை வாசத்தோடு மிளகு, சீரகம், சுக்கு போட்ட குடலை இட்லி. 6 மணிக்குள் பஸ் பிடித்துவிடலாம். மதியமே திரும்ப வேண்டியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வரதரை முதலில் பாருங்கள்.

அத்தி வரதரைப் பார்க்க முடியுமா என்று இன்னும் கேட்கிறார்கள். முடியாது. 2019-இல் வெளியே வந்தவர் மறுபடி அனந்தசரஸ் குளத்துக்குள் போய்விட்டார், அடுத்து 2059-இல்தான்.

காஞ்சிபுரத்தில் ஆட்டோ பேசுவது எப்படி?

"ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். போக வேண்டிய கோயில்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, வெயிட்டிங் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். "பட்டுக்கடை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வாடகையை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைத்துச் சொன்னால், அந்தக் குறை கடைக் கமிஷனில் ஈடுகட்டப்படும் என்று அர்த்தம். உங்கள் புடவை விலையில் அது சேரும்.

ஒருநாள் வந்த இடத்தில் பட்டுப்புடவை வாங்கலாமா?

வாங்கலாம், அவசரம் இல்லாமல் இருந்தால். கைத்தறிக் கூட்டுறவு சங்க விற்பனை நிலையத்தில் முதலில் விலையைப் பார்த்துக்கொண்டு பிறகு தனியார் கடைக்குப் போவது நல்ல வழி. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கடை திறந்திருக்கிறதா என்று முன்னதாக விசாரியுங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. கோர்வைப் புடவையில் உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கப்படும். புடவையைத் திருப்பி அந்த இணைப்பைப் பார்த்தால் இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பது தெரியும். அடுத்தது சரிகை. அசல் சரிகையின் நடுவில் இருப்பது பட்டு நூல், வழக்கமாகச் சிவப்பு நிறம். அதன் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். புடவை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சரிகை இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளை நூலோ பளபளக்கும் பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது போலி அல்லது அரைச் சரிகை. அரைச் சரிகை விற்பது குற்றமில்லை. அதை அசல் விலைக்கு விற்பதுதான் பிரச்சினை. சில்க் மார்க் முத்திரை பட்டு நூலுக்கு மட்டும்தான் உத்தரவாதம், சரிகைக்கு அல்ல.

மாமல்லபுரத்துக்கு எதில் போவது, எங்கே தொடங்குவது?

திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ். அடையாறு பக்கத்திலிருந்து 588. தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக 515. கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினால் சில வண்டிகள் ஊருக்குள் போகாமல் பைபாஸில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோ தேவைப்படும். ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் எதிரிலேயே அர்ச்சுனன் தபசு தெரிவதால் எல்லோரும் அங்கே தொடங்குகிறார்கள். அது தப்பான வரிசை. ஐந்து ரதம் இருக்கும் இடம் வெட்டவெளி மணல். 10 மணிக்கு மேல் நிற்க முடியாது. எனவே முதலில் ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே ஐந்து ரதம், அடுத்து கடற்கரைக் கோயில், வெயில் ஏறிய பிறகு மரநிழலும் குகையும் உள்ள குன்றுப் பகுதி. கடற்கரைக் கோயில் கிழக்குப் பார்த்தது. போட்டோவுக்கும் காலை வெளிச்சமே நல்லது.

ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். இந்தியர்களுக்கு 40 ரூபாய், கியூ.ஆர். வழியாக எடுத்தால் 35. 15 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. முதல் இடத்தில் காட்டிவிட்டுச் சீட்டைத் தூக்கிப்போட்டால் இரண்டாவது இடத்தில் மறுபடி காசு. அர்ச்சுனன் தபசு இலவசம், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு டிக்கெட் வேண்டும்.

அர்ச்சுனன் தபசில் வலப்பக்கம் இருக்கும் பெரிய யானைக்கு அருகே கீழே பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பெரிய யானையைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிற கூட்டம் இதைத் தவறவிடுகிறது. குழந்தைகளோடு போனால் இதைத் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிடம் அமைதியாக இருப்பார்கள்.

ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ட்ரோன் கூடவே கூடாது.

மாமல்லபுரத்துக் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கரையில் நின்று பார்க்கும்போது அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் ஆபத்து. அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் ஏதாவது ஒரு பள்ளமான தடம் வழியாகத் திரும்பக் கடலுக்குள் ஓடும். அந்தத் தடத்தின் மேல் அலை உடைவது குறைவாக இருப்பதால் பார்ப்பவருக்கு அதுவே பாதுகாப்பான இடமாகத் தோன்றும். இடுப்பளவு தண்ணீரில் நின்றவரையும் இழுத்துவிடும். ஒவ்வொரு விடுமுறைக்கும் உயிர் போவது இப்படித்தான். இழுக்கப்பட்டால் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்கு வர வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவர் இறங்குவதுதான் இரண்டாவது மரணம். கயிறு, தண்ணீர்க் கேன், மிதக்கிற எதையாவது வீசுங்கள், 112-க்கு அழையுங்கள்.

எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை?

வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காட்டு தக்ஷிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை. வடநெம்மேலி முதலைப் பண்ணை திங்கட்கிழமை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்துக்கு வார விடுமுறை கிடையாது.

காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மாசி மகப் பௌர்ணமியில் இருளர் மக்கள் கன்னியம்மனைக் கும்பிட கடற்கரையில் திரளுவார்கள். அது பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அது அவர்கள் வழிபாடு, முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

வேடந்தாங்கலுக்கு எப்போது போனால் பறவை இருக்கும்?

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நன்றாக இருக்கும். எல்லாம் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்த வருடம் போனால் காய்ந்த ஏரியைத்தான் பார்க்க வேண்டும். முந்தின வாரம் போய்வந்தவர்களிடம் விசாரிப்பது எந்த அட்டவணையையும் விட நம்பகமானது.

நேரம் மாலை 4 முதல் 6 வரை. பகலில் இரைதேடப் போன நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். மதியம் 12 மணிக்குப் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்கள் அதிகம். பைனாகுலர் 8 மடங்கு போதும், 10 மடங்கில் கை நடுக்கம் தெரியும்.

இங்கேதான் ஒருநாள் பயணியின் சிக்கல். பறவை வரும் நேரமும் பஸ் நின்றுபோகும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் ஊருக்குள் வரும் டவுன் பஸ்கள் குறைவு. அதனால் ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் இறங்கி, அங்கிருந்து போக, வர, காத்திருக்க என மூன்றுக்கும் சேர்த்து ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஒருவழிக்கு மட்டும் பேசினால் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள். காரில் வருபவர்கள் பக்கத்தில் உள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பட்டாசு, ஸ்பீக்கர், வண்டி ஹாரன் வேண்டாம். இந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது ஊர்க்காரர்கள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை.

பழவேற்காட்டில் படகுச் சவாரி உண்டா?

கரையில் "போட் வேணுமா சார்?" என்று கேட்க ஆள் இருப்பார். ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25-இல் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. மீன்பிடிப் படகில் பயணிகளுக்கான லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது, இன்சூரன்ஸும் இருக்காது. முகத்துவாரம் பக்கம் நீரோட்டம் சட்டென்று மாறும்.

படகு இல்லாமலே அரை நாளுக்கு விஷயம் இருக்கிறது. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களும், கல்லறைப் பலகைகளில் நுணுக்கமாக வெட்டிய எழுத்தும் குலச் சின்னங்களும் தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காதவை. ஏரியை ஒட்டிய மீன் ஏலம் காலையிலேயே முடிந்துவிடும். பூநாரை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏரியின் ஆந்திரப் பக்கம், சூலூர்ப்பேட்டை வழி இன்னும் நல்லது.

போகும் வழி: சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காதீர்கள்.

செஞ்சிக் கோட்டை ஒரே நாளில் முடியுமா?

முடியும், ஆனால் விடியற்காலை 4.30-க்குக் கிளம்புபவர்களுக்கு மட்டும். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினால் செஞ்சியிலேயே இறங்கலாம். கோட்டை ஊருக்கு மேற்கே, திருவண்ணாமலை சாலையில். பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ.

ராஜகிரி உச்சிக்கு ஏற, நடக்கப் பழகியவருக்கு ஒன்றரை மணி நேரம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை. மேலே போகப் போக முழங்கால் உயரத்துக்கு ஏற வேண்டிவரும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவைத் தாண்ட ஒரு சிறு பாலம். பிற்பகல் 3 மணியை ஒட்டி மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் 11 மணிக்கு முன்னால் ஏறத் தொடங்குங்கள். மேலே தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு 2 லிட்டர். குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தத்துக்கே வரும், தின்பண்டத்தைத் துணிப் பையில் வைத்து ஜிப் போட்ட பைக்குள் போடுங்கள்.

ராஜகிரி, எதிரே சாலைக்கு வடபுறம் உள்ள கிருஷ்ணகிரி இரண்டையும் ஒரே நாளில் ஏற முயலாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றைப் பார்த்தாலே இரண்டு மணி நேரம் நிறைவாகப் போகும். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது; முடிந்தால் வார நாளில் போங்கள். ஏப்ரல், மே மாதம் வேண்டவே வேண்டாம், பாறை காலை 10 மணிக்கே கொதிக்கும்.

மின்சார ரயிலில் போகிறவர்கள் எதில் ஏமாறுகிறார்கள்?

மூன்று விஷயத்தில். முதலாவது, ஞாயிற்றுக்கிழமை. அன்று அட்டவணையே வேறு, வண்டிகள் குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சென்னைக் கடற்கரை நிலையம்–தாம்பரம் பகுதியில் வண்டிகளை ரத்து செய்வதும் அடிக்கடி நடக்கும். முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது, காஞ்சிபுரம் வண்டி. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு வண்டி அடிக்கடி உண்டு. காஞ்சிபுரம், திருமால்பூர் வரை போவது மிகச் சில. செங்கல்பட்டில் இறங்கி பஸ் மாறுவது ரயிலுக்குக் காத்திருப்பதைவிட வேகமாக முடியலாம். காஞ்சிக்குப் போக ரயில், திரும்ப பஸ் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

மூன்றாவது, செயலி டிக்கெட். நிலையத்தை நெருங்கும்போது, உள்ளே நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். நடைமேடையில் நின்றோ ஓடும் வண்டியிலோ காகிதமில்லா டிக்கெட் எடுக்க விடாது. நிலையத்துக்குள் வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீடு அல்லது கவுன்ட்டர். பரிசோதகரிடம் செயலியில் உள்ள டிக்கெட்டைத்தான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. மின்சார ரயில் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறினாலும் அபராதம்தான்.

பெண்களுக்கு இலவசப் பயணம் இந்த பஸ்களில் செல்லுமா?

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும். 2021 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள இந்தத் திட்டம் டீலக்ஸ், ஏ.சி., எக்ஸ்பிரஸ், வெளியூர் பஸ்களுக்குக் கிடையாது. மாமல்லபுரத்துக்கு ஓடும் வண்டிகளில் எல்லா வகையும் இருப்பதால் முன்பக்கப் பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

பத்துப் பதினைந்து பேர். வேன் பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

"ஒரு நாள் வாடகை எவ்வளவு?" என்பது அரைக் கேள்வி. அந்த வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடங்கும், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோலும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு, ஏ.சி. மலைப்பாதையிலும் நிற்கும்போதும் ஓடுமா என்று கேளுங்கள். கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலிலிருந்து எண்ணப்படுகிறதா, வண்டி ஷெட்டிலிருந்தா என்பதுதான் கடைசியில் சண்டை வரும் இடம். ஷெட் உங்கள் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் என்றால் போக வர 40 கிலோமீட்டர் உங்கள் கணக்கில் ஏறும். கிளம்பும்போது மீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். தெரிந்தவர் என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். புதுச்சேரிக்கும் சேர்த்துப் போவதாக இருந்தால் அது தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, யூனியன் பிரதேசம். வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் தற்காலிக பர்மிட் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். விடியற்காலை 4 மணிக்கு ஏற்றிய டிரைவரை இரவு 11 மணி வரை ஓட்டச் சொல்லாதீர்கள். மதியம் ஒரு மணி நேரம் அவர் தூங்க இடம் கொடுங்கள்.

திரும்பி வரும்போது டோலில் சலுகை உண்டா?

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை 24 மணி நேரத்துக்குள் திரும்பக் கடந்தால் வரும்போது பாதிக் கட்டணம்தான். ஃபாஸ்டாகில் தானாகவே அப்படிக் கழியும். முழுத் தொகை கழிந்திருந்தால் 1033-இல் புகார் சொல்லலாம். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ், 200 கடப்பு அல்லது ஓர் ஆண்டு, சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். பரனூர் வழியாக அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உத்தண்டி சாவடி மாநில அரசு நிறுவனத்துடையது என்பதால் அங்கே இந்த பாஸ் செல்லாது.

கட்டுச்சோறு மதியம் வரை கெடாமல் இருக்க?

சோறு கெடுவது பெரும்பாலும் சூட்டோடு மூடுவதால். ஆவி மூடியில் பட்டு நீராகி மேல் அடுக்கில் சொட்டும். இரண்டு மணி நேரத்தில் நசநசப்பும் வாடையும் வரும். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே கிளறி டப்பாவில் போடுங்கள். பெரியவர் ஒருவருக்கு 100 முதல் 125 கிராம் அரிசி.

புளியோதரைதான் ராஜா. 200 கிராம் அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் ஈரம் தங்கிவிடும். முந்தின இரவே காய்ச்சலைச் செய்து வைத்து, காலையில் சோறு மட்டும் வடித்தால் 5.30-க்குக் கிளம்பலாம்.

தயிர்சாதத்துக்குத் தயிரை நிறைய விடாதீர்கள், பாலை விடுங்கள். 200 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்து மசித்து, வெதுவெதுப்பானதும் காய்ச்சி ஆறிய பால் 400 மில்லி, தயிர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, இஞ்சி, தாளிப்பு. காலை 5 மணிக்குக் கலந்தது 12 மணிக்குப் பதமாக உறைந்து, புளிக்காமல் இருக்கும். மே மாதம் என்றால் தயிர் ஒரு கரண்டியே போதும். வெங்காயமும் வெள்ளரியும் சாப்பிடும்போது நறுக்குங்கள்.

தேங்காய்ச் சட்னி எடுத்துப்போகவே வேண்டாம். இட்லிக்கு இருபுறமும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி வாழையிலையில் கட்டுங்கள்.

தண்ணீர், வெயில், பஸ் குமட்டல்?

மார்ச் முதல் ஜூன் வரை ஆளுக்கு 2 லிட்டர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டருக்கானது என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். கால் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்புச் செறிவு கூடி நிலைமை மோசமாகும்.

குமட்டல் வருபவர்களை முன்பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் உட்காரவையுங்கள். மொபைல் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது; இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது வெளியேதான் வரும்.

கோயில் பிராகாரத்துக் கல்தளம் 11 மணிக்கே சுடும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பையில் ஒரு ஜோடி பழைய பருத்திக் காலுறை வையுங்கள்.

பெண்களுக்குக் கழிப்பறை எங்கே கிடைக்கும்?

சென்னையை விட்டால் ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், டிக்கெட் வாங்கி நுழையும் தொல்லியல் துறை வளாகங்கள், பெரிய ஓட்டல்கள். சாப்பிடும் ஓட்டலை ருசியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் கழிப்பறையையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேடந்தாங்கலில் நுழைவாயில் பக்கமே போய்வந்துவிட்டு ஏரிக்கரையில் ஏறுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் மாலைத் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம்.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால்?

பெரும்பாலும் "கடைசி பஸ்" என்று தனியாக ஒன்று இருக்காது, நேரடி பஸ் மட்டும் நின்றிருக்கும். நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் வழி உண்டு. மாமல்லபுரத்திலிருந்து நேரடி வண்டி இல்லையென்றால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். காஞ்சியிலிருந்து பூந்தமல்லி வண்டி கிடைக்காவிட்டால் செங்கல்பட்டு வண்டி. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வந்துவிட்டால், தெற்கிலிருந்து சென்னை போகும் பஸ்கள் இரவு முழுக்க ஓடும். அவை கிளாம்பாக்கத்தில் நின்றுவிடும் என்பதால் அங்கிருந்து மாநகரப் பஸ் அல்லது ஆட்டோவுக்குக் காசு கையில் வையுங்கள். வேடந்தாங்கலில் மட்டும் இந்த வசதி கிடையாது. ஆட்டோக்காரரின் எண்ணை இறங்கும்போதே வாங்கிவிடுங்கள்.